எண்ணெயைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள போன பைலட்கள்

1925 ஜனவரி. அலாஸ்காவின் மேற்குக் கரையில நோம்னு ஒரு சின்ன ஊர். குழந்தைகளுக்கு டிப்தீரியா, அதாவது தொண்டை அடைப்பான், பரவுது. டாக்டர் கர்டிஸ் வெல்ச் கையில இருந்த மருந்து காலாவதியானது. ஆங்கரேஜ்ல மருந்து இருக்கு, ஆனா ரயில் நெனானா வரைக்கும்தான். அங்கிருந்து 674 மைல் பனி.

ஃபேர்பேங்க்ஸ்ல விமானங்கள் இருந்தன. முந்தின வருஷம் பிப்ரவரியில கார்ல் பென் ஐல்சன் அங்கிருந்து மெக்ராத் ஊருக்குத் தபாலை மூணு மணி நேரத்துக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். நாய்வண்டிக்கு அது வாரக்கணக்கு வேலை. ஆனாலும் ஆளுநர் ஸ்காட் போன் நாய்களைத்தான் நம்பினார். 20 வண்டியோட்டிகள் மாறி மாறி ஓட்டி, ஐந்தரை நாள்ல மருந்தைச் சேர்த்தாங்க. அது சரியான முடிவுன்னுதான் நான் சொல்வேன். விமானங்கள் குளிர்காலத்துக்காகக் கழட்டி வைக்கப்பட்டிருந்தன. திறந்த காக்பிட், தண்ணீரால் குளிர்விக்கும் எஞ்சின். வழியில ஒரு தடவை இறங்கி எஞ்சின் ஆறிட்டா, மறுபடி கிளப்புவது பெரும்பாடு.

ஏன்? மார்கழிக் காலையில பாட்டில்ல உறைஞ்சுபோன தேங்காய் எண்ணெயை நினைச்சுக்கோங்க. மைனஸ் 40ல (செல்சியஸா, ஃபாரன்ஹீட்டான்னு கேட்காதீங்க, அந்தப் புள்ளியில ரெண்டும் ஒண்ணுதான்) அந்தக் கால எஞ்சின் ஆயில் தார் மாதிரி ஆகிடும். ப்ரொப்பெல்லரைக் கையால திருப்பவே முடியாது. எப்படியோ கிளப்பினாலும் பம்ப்பால எண்ணெயை இழுக்க முடியாது. பேரிங் காய்ஞ்சபடியே உரசித் தேயும்.

அலாஸ்கா பைலட்கள் வழக்கமாக்கிக்கிட்ட வழி ரொம்ப எளிது. தரையிறங்கினதும், தான் குளிர்காயப் போறதுக்கு முன்னாடி, சூடா இருக்கும்போதே எண்ணெயை டின்ல வடிச்சு வீட்டுக்குள்ள அடுப்புப் பக்கத்துல வைக்கணும். காலையில எஞ்சின் மேல கேன்வாஸ் துணியைக் கூடாரம் மாதிரி போர்த்தி, அடியில ப்ளம்பர்கள் ஈயம் உருக்குற பெட்ரோல் அடுப்பை ஏத்தணும். எஞ்சின் சூடானதும் கொதிக்கக் கொதிக்க எண்ணெயை ஊத்தி, உடனே ஸ்டார்ட். துணி, பெட்ரோல், நெருப்பு மூணும் ஒரே இடத்துல. அதனால ஒருத்தர் பக்கத்துலயே காவல் இருக்கணும். அப்படியும் எரிஞ்சுபோன விமானங்கள் உண்டு.

நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது புரியும்: அடுத்த பூட்டுக்கான வேலை ஷட்-டவுன்லயே ஆரம்பிக்குது.

இரண்டாம் உலகப் போர்ல இதே யோசனை வேற வடிவம் எடுத்தது. 1940ல அமெரிக்க ராணுவம் ஃபேர்பேங்க்ஸின் லேட் ஃபீல்டுல குளிர்காலச் சோதனைகளைத் தொடங்கியது. போர்க்கால விமானங்கள்ல, எஞ்சினை அணைக்கிறதுக்குச் சற்று முன்னாடி எண்ணெய்ல கொஞ்சம் பெட்ரோலைக் கலந்துடுவாங்க. நீர்த்துப்போன எண்ணெய் காலையில சுலபமா ஓடும். சூடு ஏறினதும் பெட்ரோல் ஆவியாகிடும். அளவு மீறினா எண்ணெய் நுரைச்சு வெளியே தள்ளிடும்.

இன்னைக்கு சின்ன விமானங்கள்ல ஆயில் பான்ல ஒட்டின மின் ஹீட்டரை ராத்திரி ப்ளக்ல மாட்டினாப் போதும். மாட்டினாப் போதுமான்னா, அங்கயும் ஒரு சிக்கல். கிராங்க்‌ஷாஃப்ட் எஃகு, அதைச் சுத்தி இருக்குற கேஸ் அலுமினியம். குளிர்ல அலுமினியம் அதிகமா சுருங்கும், பேரிங் இடைவெளி குறையும். எண்ணெய் மட்டும் சூடா இருந்தா அது சரியாகாது. அதனால முழு எஞ்சினையும் சூடாக்கச் சொல்றாங்க. ஹீட்டர் மாட்டினவங்களும் எஞ்சின் மேல ஒரு தடிமனான போர்வையைப் போர்த்திட்டுத்தான் வீட்டுக்குப் போறாங்க.