முதல் வயிற்றைத் தாண்டிய கதை

எதைக் கொடுத்தால் கம்பளி கூடும் என்பது ஆஸ்திரேலியர்களுக்கு வயிற்றுப்பாட்டுக் கேள்வி. மெரினோ ஆட்டை நம்பித்தான் அந்த நாடு நெடுங்காலம் பிழைத்தது. கம்பளி ஏறக்குறைய முழுக்கப் புரதம். கந்தகம் உள்ள சிஸ்டைன் என்கிற அமினோ அமிலம் அதில் ஏராளம். கம்பளியைப் பற்றவைத்தால் வரும் நாற்றத்தில் கந்தகத்துக்கும் பங்குண்டு. அப்படியானால் சிஸ்டைனைத் தீவனத்தில் கலந்தால் ஆயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். கலந்து கொடுத்தால் பலன் பெரிதாக ஒன்றும் இருக்காது.

குற்றவாளி, ஆட்டின் நான்கு அறை வயிற்றில் தீவனம் முதலில் போய்ச் சேரும் முதல் வயிறு. கால்நடைத் தீவனவியல் நடத்திய காலத்தில் இதை மாணவர்கள் மண்டையில் ஏற்றுவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். ஆடு தின்பதில் முதல் பந்தி அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு. புண்ணாக்குப் புரதத்தில் பெரும்பகுதியை அவை அம்மோனியாவாக்கிவிடும். சிஸ்டைனின் கந்தகம் சல்பைடாகிவிடும். பிறகு அந்த அம்மோனியாவை வைத்தே தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்ளும். அந்த உடம்புகள் கீழே இறங்கும்போதுதான் ஆட்டுக்குப் புரதம். 1949இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூஸ்லியும் அவருடைய சகாக்களும் நைட்ரஜனுக்கு யூரியாவை மட்டும் வைத்து ஆடுகளுக்குத் தீவனம் கொடுத்தார்கள். அத்தியாவசிய அமினோ அமிலங்கள் பத்தும் முதல் வயிற்றிலேயே உருவாகியிருந்தன. வயலுக்குப் போடும் யூரியாவிலிருந்து கறி!

சரி, இறங்கியது எங்கே உடம்பில் ஏறுகிறது? சிறுகுடலில்தான். வளர்ந்த செம்மறிக்கு அது சுமார் 25 மீட்டர் நீளம். கறிக்கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, நீளவாக்கில் கீறி, தண்ணீரில் அலசிப் பாருங்கள். உட்புறம் வெல்வெட் துணிபோல இருக்கும். அந்த மயிர்போன்ற ஒவ்வொன்றும் ஒரு குடலுறிஞ்சி. அதன் மேலுள்ள செல்கள் அமினோ அமிலங்களைப் பெரும்பாலும் சோடியத்தோடு சேர்த்து உள்ளே இழுத்துக் கல்லீரலுக்குப் போகும் இரத்தத்தில் விடுகின்றன. ஆட்டில் ஒரு விசேஷம்: நான்காம் வயிற்றிலிருந்து வரும் அமிலத்தின் வீரியம் சீக்கிரம் தணிவதில்லை. அதனால் கணைய நொதிகள் வேலையைத் தொடங்கவே கொஞ்ச தூரம் இறங்கவேண்டியிருக்கிறது. உறிஞ்சுவதும் நடுக்குடலிலும் அதற்குக் கீழேயும்தான் மும்முரம்.

ஆக, குடலில் கோளாறு இல்லை, சிஸ்டைன்தான் அங்கே வந்து சேரவில்லை. இதை நேரடியாகக் காட்டியவர்கள் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ரீஸும் ஷிங்கலும். முதல் வயிற்றைத் தவிர்த்து, நான்காம் வயிற்றுக்குள் குழாய் வைத்து, நாளுக்குச் சுமார் 2 கிராம் அளவில் கந்தக அமினோ அமிலத்தைச் செலுத்தினார்கள். கம்பளி வளர்ச்சி எழும்பியது. கம்பளியில் கந்தகமும் கூடியது. முடிவு 1963இல் அச்சேறியது. இரண்டு கிராம் என்பது அரை டீஸ்பூன்கூட இல்லை. ஆட்டுத் தீவனவியலில் இதைவிட அழகான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் மந்தையில் ஒவ்வொரு ஆட்டுக்கும் குழாய் வைக்க முடியுமா? 1967இல் ஃபெர்குசன், ஹெம்ஸ்லி, ரீஸ் மூவரும் வேறு வழி சொன்னார்கள். பால் புரதமான கேசினை ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தினால் முதல் வயிற்று நுண்ணுயிர்களால் அதைச் சுலபமாக உடைக்க முடியாது; நான்காம் வயிற்றின் அமிலத்தில் கட்டு தளர்ந்து, சிறுகுடலில் செரிக்கும். கம்பளிக்காக யோசித்த இந்த உத்தி பிறகு பால்மாட்டுக்கும் வந்தது. நம் நாட்டில் தேசியப் பால்வள வாரியம் பரப்பிய 'பைபாஸ் புரத' தீவனம் இந்த வழியில் வந்ததுதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் புண்ணாக்கின் மேல் ஃபார்மலின் என்கிற ஃபார்மால்டிஹைடு கரைசலைத் தெளிக்கவேண்டாம். அது கண்ணையும் மூச்சையும் கெடுக்கும் நஞ்சு. அளவு மிஞ்சினால் கட்டு அவிழாது; 25 மீட்டர் குடலையும் சும்மா கடந்து, காசு கொடுத்து வாங்கிய புரதம் புழுக்கையோடு போய்விடும்.