சட்டம் ஒன்று, கருணை வேறு

படைக்கலம் வைத்திருத்தல் வேறு; அதனால் பிறரைத் தாக்குதல் வேறு. ஆயினும், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்த ஒன்றற்கே உயிரைப் பறித்த சட்டம் மலாயாவில் 1948 முதல் 1960 வரை நடைபெற்றது.

1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கைச் சேர்ந்த சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டத்துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் அவசரகாலம் கூட்டரசு முழுவதும் பரவியது. அடுத்த மாதம் வெளிவந்த ஒழுங்குவிதிகள், அனுமதியின்றித் துப்பாக்கியோ வெடிகுண்டோ வைத்திருப்போர்க்கு மரண தண்டனை விதித்தன. அவர் சுட்டாரா, எவரையேனும் காயப்படுத்தினாரா என்னும் வினாக்களுக்கு அங்கே இடமில்லை. காவலர்க்கும் படையினர்க்கும் பதவியே அனுமதியாயிற்று. துரைமார் உரிமம் பெற்றுத் துப்பாக்கியுடனேயே தோட்டங்களைச் சுற்றி வந்தனர்.

இச்சட்டத்திற்கு இரையானவருள் ஒருவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து இளமையிலேயே சிங்கப்பூர் வந்தவர். இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். அச்சம்மேளனம் 1948 ஜூனில் தடைசெய்யப்பட்டது. 1949 மார்ச்சுத் தொடக்கத்தில் சிலாங்கூரின் ராவாங் அருகே அவர் பிடிபட்டார். அவரிடம் இருந்தவை ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும். கிடந்ததைக் கண்டெடுத்துக் காவலரிடம் ஒப்படைக்கச் சென்றதாக அவர் வாதிட்டார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இந்திய அரசு அவர்க்காகப் பரிந்து பேசியது. சிலாங்கூர் சுல்தானிடமும் கருணை வேண்டப்பட்டது. பயனில்லை. மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் சாவுக்கும் இடையே இருந்தது இரண்டே மாதம்.

இதனோடு ஒப்பிடத்தக்கது, பேராக்கில் 1952இல் நடைபெற்ற லீ மெங் என்னும் சீனப் பெண்ணின் வழக்கு. வெடிகுண்டு வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. முதல் விசாரணையில் நீதிபதிக்குத் துணையிருந்த அசெசர்கள் அவரைக் குற்றமற்றவர் என்றனர். நீதிபதி அதனை ஏற்காமல் மறுவிசாரணைக்கு ஆணையிட்டார். இரண்டாம் விசாரணையில் மரண தண்டனை கிடைத்தது. இலண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிட்டது. ஆனால், 1953இல் பேராக் சுல்தான் அத்தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். லீ மெங் 1964இல் விடுதலை பெற்றுச் சீனம் சென்றார்.

இருவர் மீதும் பாய்ந்தது ஒரே சட்டம். அது கூட்டரசு முழுமைக்கும் பொது. கருணை காட்டும் உரிமையோ அந்தந்த மாநில ஆட்சியாளர்க்கு உரியது. சட்டத்தால் ஒன்றான நாட்டில், உயிர் தப்புவதற்குரிய கடைசி வாயில் மாநிலத்திற்கு மாநிலம் வேறாயிற்று.

அவசரகாலம் 1960இல் முடிந்தது. ஆயினும், பாதுகாப்புப் பகுதிகளில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போர்க்கு மரணம் என்னும் விதி அதே ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் புகுந்து, அச்சட்டம் 2012இல் நீக்கப்படும் வரை நிலைத்தது. இன்று, 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமமற்ற துப்பாக்கிக்குப் பதினான்கு ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. கருணையின் எல்லைக்கோடு மட்டும் மாறவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 42ஆம் பிரிவுப்படி, கிள்ளானில் நிகழ்ந்த குற்றத்திற்குச் சிலாங்கூர் சுல்தானிடமும், பிரிக்பீல்ட்ஸில் நிகழ்ந்ததற்கு மாமன்னரிடமும் மன்னிப்பு வேண்டுதல் முறை. கணபதியின் வரலாற்றை ஆராய்வோர் தண்டனை விதியை மட்டும் படித்தல் போதாது. மன்னிக்கும் உரிமை எவரிடம் இருந்தது என்பதையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும்.