ஓடிப்போனவர் குணம்

மலாயாத் தோட்டத் துரைமார் தமிழ்த் தொழிலாளியைப் பணிவானவன் என்று போற்றினர். அதே தொழிலாளி ஒருநாள் லயத்தை விட்டு மறைந்தால், சோம்பேறி என்றும் நிலையற்றவன் என்றும் ஏசினர். எதிரெதிரான இவ்விரு குணங்களும் ஒருவனிடத்தே எவ்வாறு குடிகொண்டன என்று அவர்கள் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

ஒப்பந்தக்கூலி முறை நடந்த காலத்தில் வேலையை விட்டுச் செல்வது குற்றம். தண்டமோ சிறையோ காத்திருந்தது. ஆகவே, வெளியேற விரும்பியவன் தப்பி ஓடவேண்டியிருந்தது. இங்கே மட்டும் தனிமனித இயல்புக்கு உரிய இடம் உண்டு எனலாம். மொழி தெரியாத நாட்டில், வழி தெரியாத காட்டைக் கடக்கத் துணிபவன் பெரும்பாலும் இளைஞனாகவும் குடும்பச் சுமை இல்லாதவனாகவும் இருந்திருப்பான். தங்கியவரெல்லாம் மனநிறைவோடு தங்கினர் என்று இதனால் முடிவு செய்தல் பொருந்தாது.

1910இல் ஒப்பந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் வந்தவர், சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். ஆனால் கங்காணியோ தம் ஊராரையும் உறவினரையுமே அழைத்து வந்தார். அன்றாடம் வேலைக்கு இறங்கிய ஆள் ஒவ்வொருவருக்கும் அவருக்குக் காசு கிடைத்தது. எனவே ஆட்களை இருத்தி வைப்பதே அவருக்கு ஆதாயம். ஆயின், துரையோடு பிணக்கு நேர்ந்தாலோ, கூட்டம் முழுவதையும் அடுத்த தோட்டத்துக்குக் கொண்டு செல்லக்கூடியவரும் அவரே. அத்தகைய பெயர்ச்சியில் ஆராயத்தக்கது கூலியாளின் குணமன்று, கங்காணியின் குணமே. அவர் கொடுத்த முன்பணக் கடனும் பலருடைய கால்களைக் கட்டியிருந்தது.

1907இல் ஏற்பட்ட தமிழர் குடிநுழைவு நிதி இன்னொரு சான்று. அதற்கு முன் ஒரு தோட்டம் கப்பற் செலவு கொடுத்து ஆளை வருவிக்கும். செலவே செய்யாத அண்டைத் தோட்டம் சில காசு கூட்டித் தருவதாகச் சொல்லி அவனை இழுத்துக்கொள்ளும். புதிய நிதியோ ஆள் வைத்திருந்த எல்லா முதலாளிகளிடமும் வரி பெற்றுச் செலவைப் பொதுவாக்கியது. தொழிலாளியின் நிலையற்ற குணத்தைப் பழித்தவர்களே இறுதியில் மருந்தைக் கணக்கேட்டில்தான் தேடினர்! தமிழாசிரியர்கள் இதனை மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம்.

இயல்பு பொருட்டே அன்று என நாம் வாதிடவில்லை. ஒரே லயத்தில், ஒரே கூலியில், ஒருவன் போவதும் ஒருவன் இருப்பதும் உலக வழக்கே. ஆனால் 1930ஆம் ஆண்டு தொடங்கி ரப்பர் விலை வீழ்ந்த காலத்தில் பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அப்போது, பணிந்து உழைத்தவனும் நிலையற்றவன் எனப்பட்டவனும் ஒரே கப்பலில் ஏறினர்.