ஊர் கட்டிய பள்ளிகள் – 4: கணக்கில் வராத கஜானா

(சென்ற வாரம்: 1912 ஆகஸ்டில் தமது ஐம்பதாவது பிறந்தநாளை ஒட்டி, சியர்ஸ் நிறுவனத் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட், அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிலையத்துக்கு 25,000 டாலர் கொடுத்தார். அதில் 2,800 டாலர் மிஞ்சியது. கிராமப்புறக் கறுப்பினக் குழந்தைகளுக்கு அந்தப் பணத்தில் ஆறு பள்ளிகள் கட்டிப் பார்க்கலாமா என்று அந்தக் கல்வி நிலையத்தின் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் கேட்டு எழுதினார்.)

ரோசன்வால்ட் சம்மதித்தார். ஆனால் முழுச் செலவையும் ஏற்கவில்லை. ஒரு பள்ளிக்கு ஏறத்தாழ 300 டாலர் தருவார். அதற்கு ஈடாக ஊரும் தன் பங்கைப் போட வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்களில் இருந்தவர்கள் யார்? பெரும்பாலும் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர்கள். வருடத்துக்கு ஒரு முறை, பருத்தி விற்றால்தான் கையில் காசு. பெரும்பாலும் பழைய கடன் அதையும் விழுங்கிவிடும். அவர்களால் 300 டாலருக்கு ஈடு கொடுக்க முடியுமா?

லோச்சபோக்கா என்ற சிற்றூர் முதலில் பதில் சொன்னது. லீ கவுண்டியில், டஸ்கீகிக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு, பள்ளிகளும் பள்ளிப் பணமும் அதன் கையில்.) 1913-இல் அங்கே ஓராசிரியர் பள்ளி ஒன்று எழுந்தது. அதன் வரவுக் கணக்கு இது: மனை வாங்கக் கறுப்பின மக்கள் கொடுத்தது 150 டாலர். கூலி வாங்காமல் அவர்கள் செய்த வேலையின் மதிப்பு 132 டாலர் 50 சென்ட். ஊரின் வெள்ளையர் சிலர் கொடுத்தது 360 டாலர். ரோசன்வால்ட் கொடுத்தது 300 டாலர். ஆக மொத்தம் 942 டாலர் 50 சென்ட்.

இந்தக் கணக்கை இன்னொரு முறை படியுங்கள். கவுண்டி கஜானாவிலிருந்து வந்த பணம் எங்கே?

\*

அந்தப் பணம் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. அலபாமா மாநில அரசு பள்ளிகளுக்கென ஒதுக்கிய தொகை, பள்ளி வயதுக் குழந்தைகளின் தலைக்கணக்குப்படி கவுண்டிகளுக்குப் பிரிந்து வரும். அந்தத் தலைக்கணக்கில் கறுப்பினக் குழந்தைகளும் உண்டு. ஆனால் 1891-இல் வந்த ஒரு சட்டம், வந்த பணத்தை எந்தப் பள்ளிக்கு எவ்வளவு என்று பிரிக்கும் அதிகாரத்தை உள்ளூர் அதிகாரிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அதன் பிறகு, கறுப்பினக் குழந்தைகளின் பேரில் வந்த பணத்தில் பெரும்பங்கு வெள்ளையர் பள்ளிகளுக்குத் திரும்பியது. தட்டிக்கேட்க வாக்குச்சீட்டாவது இருந்ததா? 1901-இல் எழுதப்பட்ட புதிய மாநில அரசியல் சட்டம் கறுப்பினத்தவரில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்திருந்தது.

ஆகவே லோச்சபோக்கா மக்கள் தங்கள் பள்ளிக்கு இரண்டு முறை பணம் கட்டினார்கள். முதலில் வரியாக, அது அவர்களிடம் திரும்பி வரவில்லை. பிறகு வயிற்றைக் கட்டிச் சேர்த்த நன்கொடையாக. இந்த அநீதியை நினைவில் வைக்காமல் அந்தப் பள்ளிகளின் பெருமையை மட்டும் பேசுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

வாஷிங்டனுக்கும், டஸ்கீகியில் இந்தப் பணியைத் தோளில் சுமந்த கிளின்டன் காலவேக்கும் இது நன்றாகத் தெரியும். ஆறு பள்ளிகளோடு நிறுத்திக்கொள்வதென்றால் நன்கொடையே போதும். ஆனால் கூரை போட்ட பிறகு ஆசிரியருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? மழையில் பலகை இற்றுப்போனால் யார் மாற்றுவது? பள்ளி பொதுப் பள்ளியாக, கவுண்டியின் பொறுப்பில் இருந்தால்தான் அது நிலைக்கும். எனவே கவுண்டிப் பள்ளிக் கண்காணிப்பாளரையும் மாநிலக் கல்வித் துறையையும் ஒதுக்கிவிட்டு ஒரு செங்கல்கூட வைப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். தங்களை ஏய்த்துவந்த அலுவலகத்தின் படியையே ஏறி, "இதோ எங்கள் பங்கு, உங்கள் பங்கு எங்கே?" என்று கேட்கும் வழி அது. கெஞ்சுவது போலத் தோன்றும். ஆனால் கஜானாவின் பூட்டில் சாவியை நுழைத்தது அந்தக் கேள்விதான்.

\*

1914 ஜூனில் ரோசன்வால்ட் அடுத்த அடி எடுத்து வைத்தார்: நூறு பள்ளிகளுக்கு 30,000 டாலர். அவர் வியாபாரி. சியர்ஸ் நிறுவனம் விலைப்பட்டியல் புத்தகம் அனுப்பித் தபாலிலேயே ஊசி முதல் வீடு வரை விற்ற காலம் அது. கட்டுமானப் பொருட்களையும் அப்படியே மொத்தமாக அனுப்பிவிடலாமே என்பது அவர் யோசனை. வாஷிங்டன் அதை ஏற்கவில்லை. உள்ளூர் மரம், உள்ளூர் தச்சர், உள்ளூர் உழைப்பு என்றால்தான் ஊர் அந்தப் பள்ளியைத் தன்னுடையதாக நினைக்கும் என்பது அவர் உறுதி.

கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை டஸ்கீகியே வரைந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான கட்டடக் கலைஞர் ராபர்ட் டெய்லர் அங்கேதான் பணியாற்றினார். 1915-இல் டஸ்கீகி வெளியிட்ட கையேட்டில் பள்ளி வரைபடங்கள் இருந்தன. கிராமங்களில் மின்சாரம் கிடையாது. படிக்க வெளிச்சம் சூரியன்தான் தர வேண்டும். அதனால் இந்தப் பள்ளிகளில் உயரமான ஜன்னல்களை வரிசையாகச் சேர்த்து வைத்தார்கள். குழந்தைகளுக்கு இடப்பக்கமிருந்து வெளிச்சம் விழும்படி பெஞ்சுகளைப் போடுவது வழக்கமாயிற்று. வலக்கையால் எழுதும் குழந்தையின் கைநிழல் அதன் எழுத்தின் மேலேயே விழக்கூடாதே! அதுவரை தேவாலயத்தின் இருண்ட மூலையிலும் ஓட்டை விழுந்த குடிசையிலும் உட்கார்ந்து படித்த குழந்தைக்கு இப்படி ஒரு அக்கறை கிடைத்தது அதுவே முதல் தடவை.

விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. அலபாமாவைத் தாண்டிப் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் கேட்டார்கள். ஊர்ப்பணம் சேரும், கவுண்டி இழுத்தடிக்கும். ஓர் அதிகாரி இசைவார். அடுத்தவர் முகம் திருப்புவார். தென்மாநில வெள்ளை அதிகாரிகளிடம் கோபத்தை அடக்கிப் பேசி, வடமாநிலச் செல்வரிடம் நம்பிக்கை குலையாமல் பேசி, இரு தரப்பையும் சேர்த்துப் பிடித்திருந்தவர் ஒரே மனிதர்: புக்கர் டி. வாஷிங்டன்.

1915 நவம்பர் தொடக்கம். நியூயார்க் சென்றிருந்த வாஷிங்டன் உடல் குலைந்து விழுந்தார். இனி அதிக நாள் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தெற்கில் பிறந்தவன் நான், தெற்கிலேதான் சாவேன் என்று பிடிவாதமாக ரயில் ஏறினார். நவம்பர் 14 விடியற்காலையில், டஸ்கீகி வந்து சேர்ந்த சில மணி நேரத்தில், 59-ஆம் வயதில் அவர் உயிர் பிரிந்தது.

நூறு பள்ளிக் கணக்கு இன்னும் முடியவில்லை. எழுத்தில் வராத வாக்குறுதிகள் பல அவரோடு போயின. அவருடைய நட்பை நம்பிப் பணம் போட்ட ரோசன்வால்ட் இனியும் கொடுப்பாரா? அவர் பேச்சுக்காக இறங்கிவந்த கவுண்டி அதிகாரிகள் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன ஆகும்?

ஆனால் ஊர்கள் பணம் திரட்டுவதை நிறுத்தவில்லை. அலபாமாவின் போலிகீ என்ற ஊரில் நடந்த அப்படி ஒரு கூட்டத்தில், அடிமையாக வாழ்ந்து பார்த்த ஒரு முதியவர் எழுந்தார். அழுக்கேறிய ஒரு பையை மேசை மேல் கவிழ்த்தார். அதில் என்ன இருந்தது?

(தொடரும்)