கிளி பேசியது, நாய் குரைக்கவில்லை

"தம்பி, நம்ம சைட்டைத் தொட்டா எங்கிட்டோ போகுதுப்பா."

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடை அண்ணாச்சி, காலையில் காபி குடிக்கும் முன்பே கூப்பிட்டுவிட்டார். என் லேப்டாப்பில் கடை கடையாகவே இருந்தது. போனில் தொட்டால்தான் பரிசு விழுந்திருக்கிறது என்று ஏதோ ஒரு பக்கம் துள்ளிக்கொண்டு வந்தது. நான் ராஜபாளையத்தில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்துக் கடைகளுக்கும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்காரர்களுக்கும் வெப்சைட் பார்த்துக்கொடுப்பவன். எல்லாம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறவைதான். அண்ணாச்சி சைட்டில் அட்மின் இரண்டே பேர், அவரும் நானும். அன்றைக்குப் பட்டியலில் மூன்று பேர் இருந்தோம்.

மூன்றாவது ஆள் எந்த வழியாக வந்தான் என்று தேடியதில், வாடிக்கையாளர் கருத்து வாங்கும் பிளகினில், அதாவது சைட்டில் மாட்டியிருந்த துணை நிரலில், ஒரு பதிவு கிடைத்தது. கருத்து 'சூப்பர்'. பெயர்க் கட்டத்தில் மட்டும் பெயர் இல்லை. கோண அடைப்புக்குறிக்குள் 'ஸ்கிரிப்ட்' என்று ஆரம்பித்து இரண்டு வரி நிரல். முந்தின நாள் ராத்திரி அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு, லாகின் செய்து, நாலு நல்ல வார்த்தை படிக்கலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். பிளகின் அந்தப் 'பெயரை' வந்தபடியே எடுத்துப் பக்கத்தில் வைத்தது. பிரவுசர் அதைப் பெயராக வாசிக்கவில்லை, கட்டளையாக ஓட்டிவிட்டது. பாஸ்வேர்டை யாரும் திருடவில்லை. புது அட்மினைச் சேர்த்தது அண்ணாச்சியின் அதிகாரமேதான்.

இதற்குப் பெயர் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங். சுருக்கமாக எக்ஸ்.எஸ்.எஸ்.

அண்ணாச்சி ஊர்க் கோயிலில் ஆண்டாள் கையிலிருக்கும் கிளியைத் தினமும் புது இலைகளால் கட்டுகிறார்கள், மாதுளம்பூவில் அலகு. அது பேசாத கிளி. வெப்சைட்டுகளில் உட்கார்ந்திருப்பதோ சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. தேடல் கட்டத்தில் 'பால்கோவா' என்று போட்டால், 'பால்கோவா: 4 முடிவுகள்' என்று நீங்கள் போட்டதையே திருப்பிச் சொல்லும். அதுவரை வம்பில்லை. வம்பு 1995இல் தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டை எழுதினார். அதன்பிறகு ஒரு பக்கத்தில் இருப்பது வெறும் எழுத்து மட்டுமில்லை, பிரவுசருக்குள் ஓடுகிற நிரலாகவும் இருக்கலாம் என்றாகிவிட்டது.

நெட்ஸ்கேப்காரர்கள் யோசிக்காமல் இல்லை. ஒரு சைட்டின் ஸ்கிரிப்ட் இன்னொரு சைட்டின் பக்கத்தைத் தொடக் கூடாது என்று சீக்கிரமே காவல் போட்டார்கள். எங்கள் ராஜபாளையம் நாய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். (2005இல் தபால்தலையில் வந்த நாயாக்கும்.) வேற்றாள் வாசலில் கால் வைத்தால் விடாது. ஆனால் வீட்டுக்குள்ளிருந்து வரும் குரலுக்கு வாலாட்டும். தெருவில் போகிறவன் கிளியிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறான், கிளி அதை வீட்டுக்குள்ளிருந்து சொல்கிறது, நாய் கீழ்ப்படிகிறது. நாயின் மேல் தப்பு சொல்ல முடியுமா?

ஓட்டை பிறந்து சில வருஷங்கள் பெயரில்லாமலே கிடந்தது. பல்கேரியாவைச் சேர்ந்த கியோர்கி குனின்ஸ்கி இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் அடுத்தடுத்து ஓட்டைகளைக் கண்டுபிடித்து வெளியிட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1999 கடைசியில் மைக்ரோசாஃப்டின் டேவிட் ராஸுக்கு ஒன்று உறைத்தது. பிரவுசரைச் சரிசெய்து இது தீராது, திருப்பிச் சொல்கிற சைட்டுகளில்தான் கோளாறு. 2000 ஜனவரி 16இல் அங்கிருந்த பாதுகாப்புப் பொறியாளர்கள் சிலர் இதற்குப் பெயர் வைக்க உட்கார்ந்தார்கள். அனுமதியில்லாத ஸ்கிரிப்டிங், மோசடி ஸ்கிரிப்டிங் என்று ஐந்தாறு பெயர்களைப் புரட்டிப் பார்த்து, மறுநாள் 'கிராஸ் சைட்' என்று முடிவானது. பிப்ரவரி 2இல் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு உலகத்துக்கே எச்சரிக்கை விட்டது. முதலெழுத்துகளைச் சேர்த்தால் சி.எஸ்.எஸ். என்று வரும். பக்கங்களை அலங்கரிக்கும் ஸ்டைல் ஷீட்டுக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருந்ததால் முன்னால் எக்ஸைப் போட்டார்கள்.

என்னைக் கேட்டால் தப்பான பெயர். அண்ணாச்சி சைட்டில் நடந்ததில் சைட் விட்டு சைட் தாண்டியது எது? 'மோசடி ஸ்கிரிப்டிங்' என்று வைத்திருந்தால் அவருக்கு அரை நிமிஷத்தில் புரிந்திருக்கும்.

2005 அக்டோபரில் சாமி கம்கார் என்ற பத்தொன்பது வயதுப் பையன் மைஸ்பேஸ் சமூக வலைத்தளத்தில் தன் பக்கத்துக்குள் இப்படி ஒரு நிரலை வைத்தான். 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லைப் பார்த்தாலே மைஸ்பேஸ் கழித்துவிடும். அவன் 'ஜாவா' ஒரு வரி, 'ஸ்கிரிப்ட்' அடுத்த வரி என்று உடைத்துப் போட்டான். பிரவுசர் இரண்டையும் சேர்த்து வாசித்துக்கொண்டது. இருபது மணி நேரத்துக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் அவனுக்கு நட்பு வேண்டுகோள் அனுப்பியிருந்தார்கள், தங்களுக்கே தெரியாமல்.

பிளகினுக்கு வருகிறேன். 2003இல் பிறந்த வேர்ட்பிரஸ், மறுவருஷம் மே மாதம் 1.2 பதிப்பில் பிளகினுக்கு இடம் கொடுத்தது. மையநிரலில் அங்கங்கே கொக்கி வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் தன் நிரலைக் கொண்டுவந்து மாட்டலாம். எங்களைப் போன்றவர்கள் பிழைப்பதே அந்தக் கொக்கியில்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மையநிரலை ஆயிரம் கண் பார்க்கிறது. கொக்கியில் தொங்குவதைச் சில சமயம் ஒரே ஆள், ராத்திரி வேலை முடிந்த பிறகு பார்க்கிறார்.

அதற்காகச் சின்ன ஆட்கள்தான் தவறுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. முகவரியில் ஒரு துண்டைச் சேர்த்துத் தர வேர்ட்பிரஸில் ஒரு ஃபங்ஷன் உண்டு. அது தருவது சுத்தம் செய்த முகவரி என்று எல்லோரும் நம்பினார்கள். அது சுத்தம் செய்யாது. அதிகாரபூர்வக் கையேடும் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை, அதிலிருந்த உதாரணத்தைப் பார்த்துத்தான் ஊரே எழுதியது. 2015 ஏப்ரல் 20இல் ஜெட்பேக், யோஸ்ட், கிராவிட்டி ஃபார்ம்ஸ், நின்ஜா ஃபார்ம்ஸ் என்று பெரிய பெரிய பிளகின்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் அப்டேட் விட்டன. அத்தனையிலும் அதே ஓட்டை.

மருந்து என்னவோ சின்னதுதான். திருப்பிச் சொல்லும் முன் கோண அடைப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆம்பர்சண்ட், எல், டி, செமிகோலன் என்று நாலு எழுத்தை வைக்க வேண்டும். திரையில் கோண அடைப்பாகவே தெரியும், பிரவுசருக்கு மட்டும் அது வெறும் எழுத்து. வேர்ட்பிரஸில் இதைச் செய்து தரும் ஃபங்ஷன் தயாராக இருக்கிறது. அண்ணாச்சியின் பிளகினை எழுதியவர் பெயர்க் கட்டத்துக்கு அதைப் போட மறந்திருந்தார். பெயரில் யார் போய் நிரல் எழுதப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

புதுப் பதிப்பு ஏற்கெனவே வந்திருந்தது. நான்தான் 'தீபாவளி ஆர்டர் முடியட்டும்' என்று அப்டேட்டைத் தள்ளிவைத்திருந்தேன். அதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. மூன்றாவது அட்மினையும் அவன் செருகிவைத்திருந்த நிரலையும் நீக்கி, பாஸ்வேர்டுகளை மாற்றி, அப்டேட் போட்டேன். பிறகு சோதனைக்காக நானே பெயர்க் கட்டத்தில் கோண அடைப்பும் ஸ்கிரிப்ட்டுமாக ஒரு வரி அடித்து அனுப்பினேன். எதுவும் ஓடவில்லை. வரி அப்படியே எழுத்தாக வந்து நின்றது.

சாயங்காலம் அண்ணாச்சி மறுபடியும் கூப்பிட்டார்.

"தம்பி, இப்ப சைட்டு சரியாயிருச்சு. ஆனா கருத்துல பேரு இருக்க வேண்டிய எடத்துல எவனோ என்னத்தையோ கிறுக்கி வச்சிருக்கான்ப்பா. அழிச்சு விட்ருவமா?"