பாலாற்றங்கரையில் பிந்தி வளர்ந்த பிள்ளைகள்

வேலூரை நடுவாக வைத்து மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வரையிலும் கிழக்கே மேல்விஷாரம், இராணிப்பேட்டை வரையிலும் பரவிய தோல் தொழில் வட்டாரத்தின் வரலாறு, பெரும்பாலும் ஏற்றுமதியின் வரலாறாகவோ, 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பாலாற்று மாசு வழக்கின் வரலாறாகவோதான் எழுதப்பட்டு வந்துள்ளது. ஒத்த வயதுப் பிள்ளைகள் மீசை அரும்பி, குரல் உடைந்து, வேலைக்கோ மேற்படிப்புக்கோ கிளம்பிவிட்ட பின்னும் உடலாலோ படிப்பாலோ பின்தங்கி நின்ற மகனை இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் எப்படித் தாங்கின, அவர்களுக்குச் சட்டமும் மருத்துவமும் எந்த அளவுக்குத் துணை நின்றன என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே.

பழைய பதனிடும் முறை உடல் வலிமையையே நம்பியிருந்தது. தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிர் நீக்கி, சவ்வு சீவி, ஆவாரம்பட்டைச் சாறு நிரம்பிய குழிகளில் நாள்கணக்கில் புரட்டிப்போட்டு, கடுக்காய் நீரில் முடிக்கும் இவ்வேலையில், நனைந்து கனத்த மாட்டுத்தோலைத் தூக்கத் திராணி உள்ளவனுக்கே மதிப்பு இருந்தது. ஆலை உரிமையாளர்களுள் பெரும்பாலோர் தமிழும் உருதும் பேசும் முஸ்லிம் வணிகர்களாகவும், குழிகளில் இறங்கிய தொழிலாளர்களுள் பெரும்பாலோர் தலித் குடும்பத்தினராகவும் இருந்தனர். பிறந்த தேதிக்கு ஆவணம் அரிதாயிருந்த அக்காலத்தில் உடலின் திரட்சியே வயதுக்குச் சான்றாயிற்று. ஆகவே பிந்தி வளரும் பையன் தன் வயதுக்குரிய கூலியை இழந்தான், முந்தி வளர்ந்தவனோ தன் இளமையை இழந்தான்.

வயதும் வளர்ச்சியும் ஒன்றல்ல என்பதை இந்தியச் சட்டம் வெளிப்படையாக ஏற்றது 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில்தான். அச்சட்டம் 15 வயது நிறைந்து 17 நிறையாதவர்களை வளரிளம் பருவத்தினர் என்று தனியே வகைப்படுத்தியதோடு, அவர்களுள் முழு நேர வேலைக்கு உடல் தகுதி உடையவர் என்று மருத்துவரிடம் சான்று பெறாதவர்கள், வயது எதுவாயினும், சிறுவர்களாகவே கருதப்பட வேண்டும் என்று விதித்தது. ஏட்டளவில் இது பிந்தி வளரும் பையனுக்குக் கிடைத்த முதல் காப்பு. ஆனால் அச்சட்டம் விசையால் இயங்கிய ஆலைகளையே முதன்மையாகக் கருதியதால், கையாலும் காலாலும் வேலை நடந்த பட்டைக்குழி ஆலைகள் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. 1938ஆம் ஆண்டின் சிறுவர் வேலையமர்த்தல் சட்டம், பீடி சுற்றுதல், தீப்பெட்டி செய்தல் ஆகியவற்றோடு தோல் பதனிடுதலையும் அட்டவணையில் சேர்த்து, 12 வயதுக்குக் குறைந்தோரைப் பட்டறைகளில் அமர்த்துவதைத் தடுத்தது. ஆயினும் உரிமையாளர் தம் குடும்பத்தாரை மட்டும் கொண்டு நடத்தும் பட்டறைகளுக்கு விலக்கு அளித்தது. விசையின்றி இயங்கினாலும் 20 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலையே என்று கொண்ட 1948ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் குழி ஆலைகள் உள்ளே வந்தன. அதன்படி சான்றளிக்கும் மருத்துவர் என்னும் அலுவலர் பையனைப் பரிசோதித்துத் தகுதிச் சான்று தர வேண்டியிருந்தது. பையன் அச்சான்றைக் குறிக்கும் வில்லை ஒன்றை வேலை நேரத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது. சான்று பெறாதவன் 15 வயதைக் கடந்திருந்தாலும் நாளொன்றுக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என்றிருந்தது. இதனை எல்லா ஆலைகளும் மதித்தன என்று கொள்வதற்கில்லை. எனினும் 'இவனுக்கு இன்னும் காலம் வேண்டும்' என்று எழுதித்தர ஓர் அலுவலரை அரசு அமர்த்தியது அரிய செயலே.

மருத்துவர் அங்கே கண்டது நோயாக இருக்க வேண்டியதில்லை. ஆண்பிள்ளைகளுக்குப் பருவமாற்றம் பொதுவாக 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில் தொடங்கும். 14 கடந்தும் தொடங்காதவர்களுள் பெரும்பாலோர் உடலியல்பாலேயே தாமதிப்பவர்கள், அவர்களுடைய தந்தையோ தாயோகூடப் பிந்திப் பருவமடைந்திருப்பது வழக்கம். கையின் எக்ஸ்ரே படத்தில் எலும்பின் முதிர்ச்சியைக் கணிக்கும்போது அது உண்மை வயதுக்குப் பின்தங்கியிருந்தால், வளர்வதற்கு இன்னும் இடமிருக்கிறது என்று பொருள். சிறுபான்மையினருக்கே சுரப்பிக் குறையோ நாள்பட்ட நோயோ காரணமாதலால், ஒருமுறை பரிசோதித்துவிட்டுக் காத்திருப்பதே பெரும்பாலும் சிகிச்சையாகிறது.

படிப்பில் பிந்தியவனுக்கு அப்படிக் காத்திருக்க ஆள் இல்லை. தோல் வணிகர்களின் கொடையால் வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியா கல்லூரியும், மேல்விஷாரத்தில் 1965இல் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் எழுந்தன; ஆனால் அவற்றின் வாசலை அடையுமுன் அரசுத் தேர்வு நின்றது. அதில் தவறியவனுக்கு மிஞ்சியவை டுடோரியலும், தனித்தேர்வராக மீண்டும் எழுதும் வாய்ப்பும், தந்தை வேலை செய்த ஆலையுமே.

படிப்பில் பிந்தியவர்களுள் அறிவு வளர்ச்சியே தாமதித்த பிள்ளைகளுக்கேனும் இக்குறையை ஓரளவு நிரப்பியது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம். கனடாவிலிருந்து வந்த மருத்துவர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் 1950களில் உருவாக்கிய இம்மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கேற்கும் முறையைக் கைக்கொண்டது. அதே காலத்தில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யா சாகர் கூடாரங்களில் குடும்பங்களைத் தங்கவைத்து மேற்கொண்ட முயற்சியும் இத்தகையதே. பிற்காலத்தில் பாகாயத்தில் அமைந்த 'நம்பிக்கை நிலையம்' என்னும் சிறார் பிரிவு, அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளையோடு பெற்றோரையும் வாரக்கணக்கில் தங்கவைத்து அவர்களையே பயிற்றுநராக்கியது. சொற்பொழிவை மட்டும் கேட்ட பெற்றோரைவிட, குழுவாக அமர்ந்து ஒருவரோடொருவர் பேசிக் கற்ற பெற்றோரின் மனப்பாங்கே தம் பிள்ளைகள்பால் மிகுதியாக மேம்பட்டது என்பதை அங்கே நடந்து 1999இல் பிரிட்டிஷ் உளமருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

1970களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்து ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் பெருகியபோது, மேல்தோல் தைக்கும் வரிசைகளில் பெண்களே மிகுதியாக அமர்ந்தனர். அம்மாவின் சம்பளம் வீட்டுக்கு வரத் தொடங்கியமை, மகனை உடனே வேலைக்கு அனுப்பாமல் இன்னொரு முறை தேர்வு எழுதவைக்கவோ, எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்னும் ஐ.டி.ஐ. பிரிவுகளில் சேர்க்கவோ பல வீடுகளுக்கு இடமளித்திருக்க வேண்டும் என்று கொள்வது பொருந்தும். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 முதல் 18 வயது வரையுள்ளோரை அபாயகரமான தொழில்களில் அமர்த்துவதைத் தடுத்தது. அதே ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஒரு குறைபாடாக ஏற்றது. அதற்குச் சான்று பெற்ற மாணவனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. எந்தக் குறைபாட்டிலும் அடங்காமல் வெறுமனே பிந்தி வளரும் பையனுக்கு, 1934இல் தொழிற்சாலைக்காக எழுதப்பட்டதைப் போன்ற சான்று பள்ளியில் இன்றுவரை இல்லை. அந்தக் கூடுதல் காலத்தை அவன் வீட்டாரே தம் வருவாயிலிருந்து அவனுக்குக் கொடுத்து வருகின்றனர்.