‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’னு போன் மிரட்டுதா? தப்பு போன்லயா, சைட்லயா... கண்டுபிடிப்பது எப்படி?

அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். போட்டோ, கையெழுத்து எல்லாம் கேட்ட சைஸ்ல ரெடி. சைட்டைத் திறந்தா, சிவப்பு முக்கோணத்தோட ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்று ஒரு பக்கம் வந்து நிற்கிறது. அந்த அவசரத்தில் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். ‘அட்வான்ஸ்டு’ பட்டனைத் தட்டி, ‘ப்ரொசீட்’ கொடுத்து உள்ளே போய்விடுவது.

செய்தி படிக்கிற சைட் என்றால் பெரிய பாதிப்பு இல்லாமல் போகலாம். ஆனா ஆதார் எண், பாஸ்வேர்டு, கார்டு நம்பர் கொடுக்கிற இடத்தில் அந்த ஒரு தட்டல் ஆபத்து. நல்ல விஷயம் என்னன்னா, தப்பு யார் பக்கம் என்பதை ரெண்டே நிமிஷத்தில் கண்டுபிடிக்கலாம். பல நேரங்களில் பிரச்னை நம்ம கையில் இருக்கிற போன்லயேதான் இருக்கும்.

எச்சரிக்கை என்னதான் சொல்லுது?

சேலம், நாமக்கல் பக்கம் லாரித் தொழில் தெரியாதவங்க குறைவு. செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினா என்ன பார்ப்பாங்க? எஃப்.சி தேதி முடிஞ்சிருக்கா, ஆர்.சி-ல இருக்கிற நம்பரும் வண்டி நம்பரும் ஒண்ணா, பேப்பர்ல இருக்கிற சீல் உண்மையான ஆர்.டி.ஓ ஆபீஸோடதா? உங்க பிரவுசரும் இதைத்தான் செய்யுது.

ஒவ்வொரு பாதுகாப்பான சைட்டும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வைத்திருக்கும். அதில் தேதி, சைட்டின் பெயர், சான்றிதழ் கொடுத்தவர் யார் என மூன்றையும் பிரவுசர் சரிபார்க்கும். ஒன்று இடித்தாலும் வண்டியை நிறுத்திவிடும். ‘நீங்க பேசுறது அந்த சைட்கிட்டதானா, நடுவுல வேற யாராவது இருக்காங்களானு என்னால உறுதியா சொல்ல முடியல’ என்பதுதான் அந்தச் சிவப்புப் பக்கத்தின் அர்த்தம்.

அந்தப் பக்கத்திலேயே சின்ன ஆங்கில எழுத்தில் ஒரு கோடு இருக்கும். அதன் கடைசி வார்த்தைகளைப் பாருங்க. விடை அங்கேதான் இருக்கு.

1. ‘டேட் இன்வேலிட்’ என்று முடிந்தால்...

முதல்ல போனின் தேதியைப் பாருங்க. கேம்ல லைஃப் சீக்கிரம் கிடைக்கணும்னு தேதியை மாத்திட்டு, திரும்ப வைக்க மறந்துபோறவங்க நிறைய பேர். பேட்டரி முழுசா இறங்கி ஆஃப் ஆன பழைய போன்களிலும் தேதி தப்பாகலாம். செக்போஸ்ட் அதிகாரியின் காலண்டரே தப்பா இருந்தா, எஃப்.சி சரியா இருக்கிற வண்டியும் நிற்கத்தானே வேணும்? செட்டிங்ஸ் போய் ‘டேட் அண்ட் டைம்’ பகுதியில் தேதி, நேரம், டைம் ஜோன் மூன்றையும் ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்க.

பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் கரன்ட் போய் வந்ததும் தேதி பழைய வருஷத்துக்குப் போகுதா? மதர்போர்டில் இருக்கும் காசு சைஸ் பேட்டரி தீர்ந்திருக்கலாம். மாத்தினா சரியாகிடும்.

தேதி சரியா இருந்தும் எரர் வந்தா, சைட்காரங்க சான்றிதழைப் புதுப்பிக்கலைனு அர்த்தம். நீங்க செய்ய எதுவும் இல்லை. அவங்களுக்கு போன் போட்டுச் சொல்லலாம்; காத்திருக்கலாம். இந்த எரர் இனி அடிக்கடி கண்ணில் படவும் வாய்ப்பிருக்கு. முன்பு 398 நாள் வரை செல்லுபடியான இந்தச் சான்றிதழ்களின் ஆயுளை 2026 மார்ச்சிலிருந்து 200 நாள், 2029-ல் 47 நாள் என்று குறைக்க பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் 2025-ல் முடிவு செய்தன. புதுப்பிக்கும் வேலையை ஆட்டோமேட்டிக் ஆக்காத சின்ன சைட்கள் திணறும்.

2. ‘காமன் நேம் இன்வேலிட்’ என்று முடிந்தால்...

சான்றிதழில் இருக்கும் பெயரும் முகவரியும் பொருந்தலை. முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் படிங்க. முன்னாடி இருக்கும் மூன்று ‘டபிள்யூ’வை எடுத்துவிட்டோ, சேர்த்தோ முயற்சி பண்ணுங்க. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க் என்றால் அதை விட்டுட்டு, முகவரியை நீங்களே டைப் செய்யுங்க.

3. ‘அத்தாரிட்டி இன்வேலிட்’ என்று முடிந்தால்...

சீல் போட்டவர் யார்னே பிரவுசருக்குத் தெரியலை. பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இது சகஜம். உலகம் முழுக்க ஏராளமான சைட்கள் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற அமைப்பிடம் இலவசமாகச் சான்றிதழ் வாங்குகின்றன. அதன் இன்றைய மூலச் சான்றிதழ், ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களில் கிடையாது. அந்த போன்களுக்காக வைத்திருந்த மாற்று ஏற்பாடும் 2024-ல் முடிந்துவிட்டது. அண்ணன் பயன்படுத்திக் கொடுத்த பழைய போனில் பல சைட்கள் திறக்காததற்கு இது ஒரு காரணமா இருக்கலாம். அப்டேட் வந்தா போடுங்க. வரலைன்னா, பணம் சம்பந்தப்பட்ட வேலைக்கு அந்த போனைத் தொடாதீங்க.

4. ‘எஸ்.எஸ்.எல் புரோட்டோகால் எரர்’ அல்லது ‘சைஃபர் மிஸ்மேட்ச்’ என்றால்...

போனும் சைட்டும் பேசிக்கொள்ளும் முறை ஒத்துப்போகலை. பிரவுசரை அப்டேட் பண்ணுங்க. வி.பி.என், விளம்பரத் தடுப்பு ஆப் இருந்தா ஆஃப் பண்ணிப் பாருங்க. அப்பவும் வந்தா சைட் பக்கம்தான் கோளாறு.

ஸ்டேஷன் வைஃபையில் மட்டும் எரர் வருதா?

சேலம் ஜங்ஷனில் ரயில்வேயர் வைஃபை கனெக்ட் பண்ணினதும் எந்த சைட்டும் திறக்காம எரர் வந்தா பதறாதீங்க. மொபைல் எண், ஓ.டி.பி கொடுத்து லாகின் பண்ணும் வரை, நீங்க கேட்ட சைட்டுக்குப் பதிலா தன் லாகின் பக்கத்தை அந்த வைஃபை காட்டப் பார்க்கும். பிரவுசர் அதை ‘யாரோ நடுவுல புகுந்துட்டாங்க’னு எடுத்துக்கும். ‘நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்’ என்ற சைட்டைத் திறந்தா லாகின் பக்கம் வந்துடும். லாகின் ஆன பிறகும் எரர் வந்தா, மொபைல் டேட்டாவுக்கு மாறிடுங்க. வைஃபைக்காக ‘இந்தச் சான்றிதழை போன்ல இன்ஸ்டால் பண்ணு’னு முன்பின் தெரியாத யார் கேட்டாலும் செய்யாதீங்க.

‘ஒரு தடவை தட்டினா என்ன ஆகிடும்?’

2014 ஜூலையில் நடந்ததைக் கேளுங்க. இந்திய அரசின் தேசிய தகவல் மையமான என்.ஐ.சி-யின் சான்றிதழ் அமைப்பிலிருந்து, கூகுள் முகவரிகளின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்திருந்தன. அப்படியொன்றை வைத்திருப்பவர், நடுவில் உட்கார்ந்து ‘நான்தான் கூகுள்’ என்று சொல்ல முடியும். ஜூலை 2-ம் தேதி கூகுள் இதைக் கண்டுபிடித்தது. குரோமில் அவற்றைத் தடுத்தது. மறுநாளே, இந்தியாவில் சான்றிதழ் அமைப்புகளைக் கண்காணிக்கும் சி.சி.ஏ, என்.ஐ.சி-யின் அதிகாரச் சான்றிதழ்களை ரத்து செய்தது. அரசு சீலே தவறாகப் போகலாம் என்பதால்தான் பிரவுசர் இவ்வளவு சந்தேகப்படுது.

இந்தக் கதைக்குத் தமிழ்நாட்டுத் தொடர்ச்சியும் உண்டு. சி.சி.ஏ-வின் மூலச் சான்றிதழை ஏற்கும் இந்திய பிரவுசரை உருவாக்க 2023-ல் மத்திய அரசு போட்டி அறிவித்தது. 2025-ல் முதல் பரிசு வென்றது, நம்ம ஜோஹோ.

எப்போ உள்ளே போகலாம்?

லாகின் இல்லை, ஃபார்ம் இல்லை, டவுன்லோடு இல்லை, சும்மா படிக்க மட்டும் என்றால், அதுவும் உங்க சொந்த மொபைல் டேட்டாவில் என்றால், ரிஸ்க் குறைவு. பேங்க், தேர்வுக் கட்டணம், ஆதார், மெயில் என்றால் ‘ப்ரொசீட்’ வேண்டவே வேண்டாம். கடைசி நாளாகவே இருந்தாலும், வேற நெட்வொர்க், வேற போன், அந்த அலுவலகத்தின் உதவி எண் என்ற வரிசையில் முயற்சி பண்ணுங்க.

எரர் வரலைன்னா சைட் நல்ல சைட்டா?

இல்லை! எஃப்.சி சரியா இருக்குங்கிறதால வண்டியில இருக்கிற லோடு நேர்மையானதுனு சொல்ல முடியாது இல்லையா? மோசடி சைட்டும் இலவசமாகச் சான்றிதழ் வாங்கலாம். பூட்டுப் படத்தைப் பார்த்து மக்கள் தப்பா நம்புறாங்க என்பதாலேயே, 2023-ல் குரோம் முகவரிப் பட்டையிலிருந்து அதை எடுத்துவிட்டது. அரசு சைட் என்றால் முகவரி ‘டாட் கவ் டாட் இன்’ அல்லது ‘டாட் நிக் டாட் இன்’ என்று முடியுதானு பாருங்க.

ஏற்கெனவே தகவல் கொடுத்து பணம் போயிடுச்சா? தாமதிக்காம 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு இருக்கு.